சிக்னல் கேட்கும் முன் இந்த மனிதரைத் தெரிந்துகொள்வோம்



போன காலாண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு அன்று நடந்தது நினைவிருக்கும். நம் கேட்டை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற நாலு ரோட்டில் டிராபிக் சிக்னல் வேண்டும் என்று மனு கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. காலையில் பால் வாங்கப் போன நம் பெரியம்மா ஒருவரை பைக் உரசிவிட்டுப் போய், அவர் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்த சமயம் அது. எல்லாருக்கும் கோபம். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இரண்டாவது கையெழுத்து விழுவதற்குள் விவாதம் தொடங்கிவிட்டது. சிக்னல் வந்தால் சாம்பல் லாரியெல்லாம் நம் கேட் முன்னால் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கும் என்றார் ஒருவர். வேகத்தடை போதும் என்றார் இன்னொருவர். ரவுண்டானா கேட்கலாம் என்றார் மூன்றாமவர். ஏழு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் எட்டரைக்கு முடிந்தது. முடிவு மட்டும் வரவில்லை.

அன்று இரவே நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி வந்தது. உலகத்தில் முதன்முதலாக டிராபிக் சிக்னலைக் கண்டுபிடித்தவர் காரெட் மார்கன் என்ற கறுப்பின அமெரிக்கர், அவருக்கு ஒரு வணக்கம் போடுங்கள் என்று. நாற்பது பேர் கை கூப்பிய படம் போட்டிருந்தோம். நானும் போட்டேன். பிறகு, வங்கியில் உட்கார்ந்த பழக்கம், வவுச்சர் பார்க்காமல் பதிவு போட்டுவிட்டோமே என்று உறுத்தியது. தேடிப் படித்தேன். அந்தச் செய்தி பாதிதான் சரி. ஆனால் சரியான பாதி, தவறான பாதியை விடப் பெரிய கதை. அதை உங்களிடம் சொல்லிவிட்டு மனுவுக்கு வருகிறேன்.

காரெட் அகஸ்டஸ் மார்கன் 1877 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பிரான்ஸ் நாட்டுப் பாரிஸ் இல்லை, பெயர் மட்டும்தான் அது. ஊரின் ஒரு ஓரத்தில் கறுப்பினத்தவர் குடியிருந்த பகுதி அவர்களுடையது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து 12 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பதினொரு பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை இவர். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. பதினான்கு வயது வாக்கில் வேலை தேடிப் பக்கத்து மாநிலமான ஒஹையோவில் சின்சினாட்டி நகரத்துக்குப் போனார். ஒரு பணக்கார நில உரிமையாளரிடம் எடுபிடி வேலை கிடைத்தது. வருகிற சம்பளத்தில் அந்தப் பையன் செய்த முதல் செலவு என்ன தெரியுமா? தனக்கு மொழி சொல்லித் தர ஒரு ஆசிரியரை வைத்துக்கொண்டார். சம்பளம் வாங்கியதும் போனுக்கு இஎம்ஐ போடும் நம் வீட்டுப் பிள்ளைகளை நான் ஒன்றும் சொல்லவில்லை.

1895-ல் கிளீவ்லாந்து நகரத்துக்கு வந்தார். நம் மேட்டூர் நீர்த்தேக்கத்தைப் பார்த்தே கடல் போல் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். கிளீவ்லாந்து ஈரி என்ற ஏரியின் கரையில் இருக்கிறது. அது உண்மையிலேயே எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத ஏரி. பின்னால் இந்தக் கதையில் அந்த ஏரி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளீவ்லாந்தில் ஒரு துணி ஆலையில் தரை கூட்டும் வேலை. கூட்டிக்கொண்டே தையல் மெஷின்கள் எப்படி ஓடுகின்றன, ஏன் நிற்கின்றன என்று கவனித்தார். ரிப்பேர் செய்யக் கற்றுக்கொண்டார். நகரத்தில் நல்ல மெக்கானிக் என்று பெயர் பரவியது. 1907-ல் சொந்தமாகத் தையல் மெஷின் ரிப்பேர் கடை. 1908-ல் மேரி ஆன் ஹாசெக் என்ற பெண்ணை மணந்தார். அவர் பொஹீமியாவிலிருந்து குடியேறிய வெள்ளையினத்துத் தையற்காரர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு திருமணம் எவ்வளவு பேச்சுக்கு இடம் கொடுத்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்திலும் அந்த அளவுக்கு ஒன்றும் மாறிவிடவில்லை. 1909-ல் இருவரும் சேர்ந்து 32 பேரை வேலைக்கு வைத்துத் தையல் நிறுவனம் தொடங்கினார்கள்.

மார்கனைப் பணக்காரர் ஆக்கியது சிக்னல் இல்லை, முடிக்குத் தடவும் களிம்பு. வேகமாக ஓடும் தையல் ஊசி சூடேறிக் கம்பளித் துணியைக் கருக்கிவிடும். ஊசி வழுக்கிக்கொண்டு போக ஒரு திரவம் தயாரித்துக்கொண்டிருந்தார். கையில் ஒட்டியதைத் துணியில் துடைத்தார். திரும்பி வந்து பார்த்தால் துணியின் சுருள் இழைகள் நேராகப் படிந்திருந்தன. பக்கத்து வீட்டு நாயின் மேல் தடவிப் பார்த்தார். நாயை அதன் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை என்பது அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் விடாமல் சேர்த்துக்கொள்ளும் வேடிக்கை. பிறகு தன் தலையிலேயே தடவிப் பார்த்துவிட்டு, 1913-ல் கம்பெனி ஆரம்பித்தார். வருமானம் கொட்டியது. கிளீவ்லாந்தில் கார் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் இவர்தான் என்பார்கள். இது முக்கியம். சாலையைப் பற்றி யோசித்தவர் அதில் தானே ஸ்டியரிங் பிடித்தவர்.

அடுத்தது புகைமூடி. தீ விபத்தில் பெரும்பாலோர் நெருப்பில் சாவதில்லை, புகையில் சாகிறார்கள். புகை சூடாக இருப்பதால் மேலே போகும். தரையை ஒட்டிக் கொஞ்சம் சுத்தமான காற்று நிற்கும். இதைக் கவனித்த மார்கன், தலை முழுவதையும் மூடும் ஒரு கூடு செய்து, அதிலிருந்து நீளமான குழாயைத் தரை வரை தொங்கவிட்டார். குழாயின் முனையில் ஈரப் பஞ்சு. அது தூசியை வடிகட்டிக் காற்றைக் குளிரவும் வைக்கும். 1912-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1914-ல் கிடைத்தது. அதே ஆண்டில் இதை விற்க ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

சரக்கு நல்லது. விற்பவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்தால் தென் மாநிலங்களில் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் மார்கன் ஒரு காரியம் செய்தார். வெள்ளையர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, கண்டுபிடித்தவர் இவர்தான் என்று மேடையில் நிற்க வைத்தார். தான் ஒரு செவ்விந்தியராக வேடம் போட்டுக்கொண்டு, புகை நிரப்பிய கூடாரத்துக்குள் அந்தக் கூட்டை மாட்டிக்கொண்டு நுழைந்து, இருபது நிமிடம் கழித்து நன்றாக வெளியே வந்தார். கூட்டம் கை தட்டியது. யாருக்குத் தட்டுகிறோம் என்று கூட்டத்துக்குத் தெரியாது. நான் இந்தப் பகுதியைப் படித்தபோது மேற்கொண்டு படிக்காமல் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த ஏரி. கிளீவ்லாந்து நகரத்துக்குக் குடிநீர் ஈரி ஏரியிலிருந்துதான். கரையோரத் தண்ணீரில் ஆலைக் கழிவு கலக்கிறது என்று, ஏரிக்குள் பல மைல் தூரம் தள்ளி நல்ல தண்ணீர் எடுக்க, ஏரியின் அடியில் மண்ணுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1916 ஜூலை 24 இரவு. தோண்டியவர்கள் இயற்கை வாயு தேங்கியிருந்த இடத்தைத் தொட்டுவிட்டார்கள். வெடித்தது. சுரங்கம் முழுக்க விஷப் புகை. உள்ளே மாட்டியவர்களைக் காப்பாற்றப் போன முதல் குழு திரும்பவில்லை. அடுத்த குழுவிலும் பலர் திரும்பவில்லை. அந்த நேரத்தில், புகைமூடியின் செயல்விளக்கத்தைப் பார்த்திருந்த யாரோ மார்கனின் பெயரைச் சொன்னார்கள். நள்ளிரவு தாண்டி அவரை எழுப்பினார்கள். தூங்கிய உடையிலேயே, தம்பி ஃபிராங்கையும் கூட்டிக்கொண்டு, கையில் இருந்த கூடுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

அங்கே நின்றவர்களில் பலர் அந்தக் கூட்டை நம்பி உள்ளே போகத் தயங்கினார்கள். மார்கன் இறங்கினார், தம்பி இறங்கினார், இன்னும் இரண்டொருவர் துணைக்கு வந்தார்கள். உயிரோடு இருந்தவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது. மார்கன் மறுபடி மறுபடி இறங்கினார். அன்று காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஒன்றிரண்டுதான். இறந்தவர்கள் இருபது பேர் அளவில்.

நம் ஊரில் இதைச் சொன்னால் சட்டென்று புரியும். அணை கட்டும் வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த ஒன்பது வருடமும் மண்ணிலும் கல்லிலும் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் யாரோ எங்கேயோ இறங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் செய்தித்தாள்களில் வீரர்கள் என்று பெயர் வந்தது. மார்கன் பெயர் பெரும்பாலும் இல்லை. வீரச் செயலுக்குப் பதக்கம் கொடுக்கும் கார்னெகி நிதியம் அன்று மீட்புப் பணி செய்த வேறு சிலருக்குப் பதக்கம் கொடுத்தது, இவருக்குக் கொடுக்கவில்லை. மார்கன் மேயருக்குக் கடிதம் எழுதி நியாயம் கேட்டார். நகரத்துப் பொதுமக்கள் சிலர் சேர்ந்து ஒரு பதக்கம் செய்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதோடு முடியவில்லை. இந்த மீட்புச் செய்தியால் கூட்டைச் செய்தவர் கறுப்பினத்தவர் என்று வெளியே தெரிந்துபோக, சில ஊர்களின் தீயணைப்புத் துறைகள் ஆர்டரை ரத்து செய்தன. உயிரைக் காப்பாற்றியதால் வியாபாரம் படுத்த கதை இது.

அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1920-ல் கிளீவ்லாந்து கால் என்ற கறுப்பினத்தவர் செய்தித்தாளைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னால் 1931-ல் நகர மன்றத் தேர்தலில் நின்று தோற்றார். இவற்றை வேகமாகத் தாண்டிப் போகிறேன், நம் விஷயம் காத்திருக்கிறது.

1920 வாக்கில் கிளீவ்லாந்து சாலைகள் எப்படி இருந்திருக்கும்? குதிரை வண்டி, சைக்கிள், டிராம், தள்ளுவண்டி, நடப்பவர்கள், அவற்றுக்கு நடுவே புதிதாக வந்து சேர்ந்த மோட்டார் கார். யாருக்கு யார் வழி விடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. கார்களை எடுத்துவிட்டு பைக்கும் டிப்பர் லாரியும் ஷேர் ஆட்டோவும் சேர்த்தால் நம் நாலு ரோட்டின் மாலை ஆறு மணி. ஒரு நாள் ஒரு சந்திப்பில் காரும் குதிரை வண்டியும் மோதிக்கொண்டதை மார்கன் நேரில் பார்த்தார். அவரை உலுக்கிய அந்தக் காட்சியிலிருந்து வந்ததுதான் சிக்னல் என்பது அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் எல்லாரும் சொல்வது.

இங்கேதான் வாட்ஸ்ஆப் செய்தியைத் திருத்த வேண்டும். சிக்னல் அதற்கு முன்பே உண்டு. 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு அருகே ஜான் பீக் நைட் என்ற ரயில்வே பொறியாளரின் யோசனையில் சிவப்பும் பச்சையுமாகக் கேஸ் விளக்குக் கம்பம் நட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கேஸ் கசிந்து வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரருக்குப் பலத்த காயம். லண்டன் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் சிக்னல் பேச்சையே எடுக்கவில்லை. மின்சார சிக்னல் 1914 ஆகஸ்ட் 5 அன்று வந்தது. எங்கே என்கிறீர்கள்? மார்கன் வாழ்ந்த அதே கிளீவ்லாந்தில்தான். மஞ்சள் விளக்கோடு நான்கு பக்கமும் பார்க்கிற மூவண்ண சிக்னலை 1920-ல் டெட்ராய்ட் நகரத்தில் வில்லியம் பாட்ஸ் என்ற போலீஸ் அதிகாரி வைத்தார். அப்படியானால் மார்கன் செய்தது என்ன?

ஆங்கில எழுத்து டி போல ஒரு கம்பம். விளக்கு இல்லை. கையால் சுற்றினால் மேலேயுள்ள கைகள் நிலை மாறும். ஒரு நிலையில் இந்தச் சாலை போகலாம், அந்தச் சாலை நிற்க வேண்டும். இன்னொரு நிலையில் நேர்மாறு. அன்று பல ஊர்களில் இருந்தவை இந்த இரண்டோடு நின்றன. இந்தப் பக்கம் நில் என்று மாறிய அதே நொடியில் அந்தப் பக்கம் போ என்று மாறும். பாதி சந்திப்பில் இருக்கும் வண்டிக்காரன் என்ன செய்வான்? மார்கன் மூன்றாவதாக ஒரு நிலையைச் சேர்த்தார். நான்கு பக்கமும் நில். நடுவில் மாட்டிய வண்டி வெளியேறட்டும், காத்திருக்கும் நடைபாதைக்காரர் கடக்கட்டும், அதன் பிறகு அடுத்த சாலையைத் திறக்கலாம். இன்று எந்த சிக்னலிலும் மஞ்சள் எரிந்து, பிறகு ஓரிரு நொடி எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கிறதே, அந்த இடைவெளியில் இருப்பது இந்த யோசனைதான்.

அவர் காப்புரிமை விண்ணப்பத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தார். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை தூரம் வந்தேன். போக்குவரத்துக் குறைந்து, இயக்க ஆள் இல்லாத நேரங்களில், குறிப்பாக இரவில், அந்தக் கைகளைப் பாதி உயரத்தில் சாய்த்து நிறுத்திவிடலாம். அப்படி நின்றால் யாரும் நிற்க வேண்டியதில்லை, பார்த்துப் போங்கள் என்று பொருள். சிக்னலைச் செய்தவரே அது எப்போது சும்மா இருக்க வேண்டும் என்றும் யோசித்து வைத்திருக்கிறார். இன்று இரவு பத்து மணிக்கு மேல் சேலத்தில் மஞ்சள் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும் சந்திப்பைத் தாண்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

1923 நவம்பர் 20 அன்று காப்புரிமை கிடைத்தது. பிரிட்டனிலும் கனடாவிலும்கூடப் பெற்றார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு 40,000 டாலருக்கு உரிமையை விற்றார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ரசீதை நான் பார்க்கவில்லை, அதனால் கணக்கில் ஏற்றாமல் பென்சிலில் குறித்து வைக்கிறேன்.

1940-களில் அவருக்குக் கண் நீர் அழுத்த நோய் வந்தது. மெல்ல மெல்லப் பார்வை பெரும்பாலும் போனது. ஊருக்கே பச்சையும் சிவப்பும் பார்க்கச் சொல்லிக் கொடுத்த காலத்து மனிதருக்கு இப்படி. ஆனாலும் கடைசி ஆண்டுகள் வரை ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 1963 ஜூலை 27 அன்று, 86-வது வயதில், கிளீவ்லாந்திலேயே காலமானார். பல ஆண்டுகள் கழித்து 1991-ல் அந்த நகரம் தன் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. 1916-ல் வராத பெயர் 75 ஆண்டு கழித்துத் தண்ணீர்த் தொட்டியின் வாசலில் வந்தது.

சரி, நம் நாலு ரோடு.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. நாம் அன்று கூட்டத்தில் பேசியதெல்லாம் சிக்னல் நல்லதா கெட்டதா என்று. கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. இந்த இடத்தில், எத்தனை மணி நேரம், யார் யாருக்கு அது தேவைப்படுகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு நம் நாட்டிலேயே விதி இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு சாலைகளுக்கான தர விதிகளை எழுதுகிறது. பெயரில் காங்கிரஸ் இருப்பதால் கட்சி என்று நினைக்க வேண்டாம், பொறியாளர்களின் அமைப்பு. தொடங்கியது 1934 டிசம்பரில். நம் அணை திறந்த அதே ஆண்டு. அவர்களுடைய 93-ம் எண் விதிநூல், 1985-ல் வந்தது, சிக்னல் பற்றியது.

அதன் சாரத்தைச் சொல்கிறேன். ஒரு நாளில் சில நிமிட நெரிசலைப் பார்த்து சிக்னல் வைக்கக் கூடாது. சராசரி நாள் ஒன்றில் எட்டு மணி நேரம் எண்ண வேண்டும். பக்கத்துக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள சாலைகள் என்றால், பெரிய சாலையில் இரண்டு பக்கமும் சேர்த்து மணிக்கு 650 வண்டிகள், அதே நேரத்தில் சிறிய சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மணிக்கு 200 வண்டிகள் வந்தால் சிக்னல் பற்றி யோசிக்கலாம். 650 என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை நொடிக்கு ஒரு வண்டி. 200 என்றால் 18 நொடிக்கு ஒன்று. உட்கார்ந்து பார்த்தால் இது லேசான எண் இல்லை.

நடப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. மணிக்கு 150 பேருக்குக் குறையாமல் பெரிய சாலையைக் கடந்தால், அதே மணியில் வண்டிகளும் 600-க்குக் குறையாமல் இருந்தால், அந்தக் காரணம் ஒன்றே போதும். விபத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. பன்னிரண்டு மாதத்தில் ஐந்து விபத்துகள், அதுவும் சிக்னல் இருந்திருந்தால் தவிர்க்கக்கூடிய வகை விபத்துகள், பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகியிருக்க வேண்டும் என்ற இடத்தில் நம் பெரியம்மாவின் மணிக்கட்டு தோற்றுப்போகிறது. பைக்காரர் இறங்கிவந்து மன்னிப்புக் கேட்டார், இவரும் போகட்டும் விடப்பா என்று அனுப்பிவிட்டார். காவல் நிலையப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. போன வருடம் இரண்டு பைக் மோதிக்கொண்டதும் அப்படித்தான், டீக்கடையிலேயே பேசி முடிந்தது. ஊர் அறிய ஐந்து விபத்து நடந்தாலும் ஏட்டில் பூஜ்யம்.

விதி இன்னொரு பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. கணக்கு நிறைவேறிவிட்டதால் மட்டும் சிக்னல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தேவையில்லாத இடத்தில் வைத்தால் குறுக்கே மோதுவது குறையும், ஆனால் திடீரென்று பிரேக் போட்டதில் பின்னால் வந்து இடிப்பது கூடும். ஆளே இல்லாத சாலையில் ஒரு நிமிடம் நிற்க வைத்தால் மூன்றாவது நாள் யாரும் நிற்க மாட்டார்கள். பச்சையை நம்பி வருகிறவன் சிவப்பை மதிக்காதவனிடம் மாட்டுவான். காத்திருக்கப் பிடிக்காதவர்கள் குறுக்குச் சந்தில் நுழைவார்கள். அந்தக் குறுக்குச் சந்து எது என்று நினைக்கிறீர்கள்? நம் குழந்தைகள் ஷட்டில் ஆடுகிற பின்பக்கத் தெருதான். சாம்பல் லாரி வரிசை கட்டும் என்று அன்று சொன்ன நண்பரிடம் நான் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. இதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

ரவுண்டானா கேட்டவரையும் தள்ளிவிட முடியாது. நியூயார்க்கில் வில்லியம் ஈனோ என்று ஒருவர் இருந்தார், பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளை, கார் ஓட்டவே கற்றுக்கொள்ளாதவர். நகரத்துக்குச் சாலை விதிகளை 1903-ல் எழுதிக் கொடுத்ததே அவர்தான். கொலம்பஸ் சர்க்கிள் என்ற சந்திப்பில் 1905-ல் எல்லா வண்டியும் ஒரே திசையில் வட்டமடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நிறுத்தி நிறுத்தி விடுவதை விட, மெதுவாகச் சுற்ற விடுவது மேல் என்பது அவர் கட்சி. நம் நாலு ரோட்டில் வட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஒரு மூலையில் டிரான்ஸ்பார்மர், ஒரு மூலையில் இளநீர் வண்டி, ஒரு மூலையில் பிள்ளையார். மூவரில் யாரையும் நகர்த்த முடியாது.

ஆகவே செயற்குழுவிடம் நான் இப்படிக் கேட்டிருக்கிறேன். என் கையெழுத்தை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் மனுவின் வாசகத்தை மாற்ற வேண்டும். சிக்னல் வேண்டும் என்று கேட்காமல், இந்தச் சந்திப்பை ஆய்வு செய்யுங்கள் என்று கேட்போம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை எல்லாரும் அதில் உட்காருகிறார்கள். நம் எண்ணிக்கையை இணைத்துக் கொடுத்தால் வெறும் புலம்பலாகப் போகாது. எண்ணிக்கை வரும் வரை, வேகத்தடைக்கும் கோடு போட்ட நடைபாதைக் கடப்புக்கும் தெருவிளக்குக்கும் இப்போதே தனியாக ஒரு மனு. பெரியம்மாவுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு வேளை அவ்வளவாகத்தான் இருக்கும். அவர் கடந்த நேரம் காலை ஐந்தரை. விளக்கு எரியவில்லை.

எண்ணுவதற்கு நாள் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று எண்ணினால் மேட்டூரில் எந்தச் சந்துக்கும் சிக்னல் கிடைத்துவிடும். ஷட்டர் திறந்து தண்ணீர் பார்க்கக் கூட்டம் வரும் நாளும் வேண்டாம், அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடா வெட்ட வண்டி வண்டியாய் வரும் நாளும் வேண்டாம். நான் சொல்வது சாதாரண ஒரு புதன்கிழமை. ஷிஃப்ட் மாறும் நேரம், பள்ளி விடும் நேரம் இரண்டும் எட்டு மணிக்குள் அடங்க வேண்டும். ஒருவர் பெரிய சாலை, ஒருவர் சிறிய சாலை, ஒருவர் நடப்பவர்கள். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறையே போதும், ஆப் எதுவும் வேண்டாம்.

இன்னொரு நோட்டும் திறந்திருக்கிறேன். நாலு ரோட்டில் உரசல், மோதல், விழுதல் எது நடந்தாலும் தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து எந்த வண்டி என்று அதில் எழுதுங்கள். யார் மேல் தப்பு என்று எழுத வேண்டாம். காயம் பட்டிருந்தால் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள், டீக்கடையில் முடித்துவிடாதீர்கள்.

இரண்டு நோட்டுகளும் வாட்ச்மேன் அறையில் மேசை மேல் இருக்கின்றன. எண்ணுவதற்குப் பெயர் கொடுத்தவர்கள் இதுவரை ஒன்பது பேர். மாலை நேரம் நிறைந்துவிட்டது. காலை எட்டு முதல் ஒன்பது வரைக்கு மட்டும் இன்னும் ஒருவர்கூட எழுதவில்லை. பள்ளி வேன்கள் வரும் நேரம் அது, பெரிய சாலைப் பக்கம் நான் உட்காருகிறேன். சிறிய சாலைக்கும் நடப்பவர்களுக்கும் இரண்டு பேர் தேவை.